உண்டோ

எங்கள் வீட்டில் கார்ச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் நட்டுக்கு 'உண்டோ' என்று பெயர்.

எல்லாக் காருக்கும் அல்ல. மாமாவின் காருக்கு மட்டும். மாமா என் மனைவியின் அப்பா. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கார் ஒரு பழைய எம்.ஜி. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய திறந்த வண்டி. வெளிறிய நீலம். கம்பிச் சக்கரங்கள். அந்தச் சக்கரங்களுக்கு மற்ற வண்டிகளைப் போல நாலைந்து போல்ட் கிடையாது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதற்கு முயலுக்கு இருப்பதுபோல் இரண்டு காதுகள். செம்புத் தலை வைத்த சுத்தியால் காதில் தட்டினால் கழலும். எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் யு, என், டி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். கழற்று என்று அர்த்தம்.

என் மனைவி எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த புதிதில், சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதை உண்டோ என்று வாசித்திருக்கிறாள். "எதுப்பா உண்டோன்னு கேக்குது?" என்று விசாரித்திருக்கிறாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் பெயர். உண்டோவுக்கு எண்ணெய் போடு. உண்டோவைத் துடை. என் அத்தை, அதாவது மாமியார், சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டைப் பார்த்துக் கூப்பிடுவார்: "உண்டோ இல்லையோ, வந்து உண்டுட்டுப் போங்க."

அவள் வளர்ந்து லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போனாள். அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒருவர் கீழே குழிக்குள் இருப்பார், ஒருவர் மேலே கூண்டின் தலையில் இருப்பார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. குரல் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் எதையும் அசைக்கலாம். பதில் வராவிட்டால் கை ஓங்கியபடியே நிற்க வேண்டியதுதான். அந்த விதியை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். சக்கரத்தைக் கழற்றும்போது உள்ளே ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றும். கல்யாணத்துக்குப் பிறகு அந்த உள்ளே உட்காரும் ஆள் நான். அவள் வெளியில் சுத்தியோடு நின்று, "உண்டோ?" என்பாள். நான் மிதித்துக்கொண்டு, "உண்டு" என்பேன். பிறகுதான் சுத்தி இறங்கும். நான் ஏதாவது யோசனையில் இருந்துவிட்டால் அவள் ஓங்கிய கையோடு காத்திருப்பாள். திட்ட மாட்டாள். மறுபடியும், அதே குரலில், "உண்டோ?"

ஒரு காலையில் தலைவலி என்றாள். மத்தியானம் அவள் இல்லை.

அதன் பிறகு நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது. வேறு பிரிவுக்குப் போகிறாயா என்றார்கள். சரி. எங்களோடு வந்து மாடியில் இருங்களேன் என்றார் அத்தை. சரி. இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா சார் என்று முடிவெட்டுகிறவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் சரி, சரி என்றேன். அன்று வீட்டுக்கு வந்தபோது மாமா என்னை யாரென்று கேட்டார். ஒரு உறவுக்காரர் வேறு கல்யாணப் பேச்சை எடுத்தார். அதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அத்தை டம்ளரை வைத்த சத்தத்தில் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இந்தச் சமயத்தில்தான் மாமா வண்டிப் பேச்சை எடுத்தார்.

மாமாவுக்கு ஒரிஜினல் என்றால் உயிர். "என்னதான் கட்டினாலும் சொந்தப் பல்லு மாதிரி வருமா?" என்று வாழ்நாளெல்லாம் நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறார். "சொல்றவர் வாயில ஒண்ணுகூட சொந்தம் இல்ல" என்பது அத்தையின் பதில். வண்டியை அவர் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்திருந்தார். மகள் கைக்கு வந்ததும் அது ஒவ்வொன்றாக மாறியது. தீப்பொறி கொடுக்கும் பழைய அமைப்பை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் பெட்டி வைத்தாள். இருக்கைக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருந்த இரண்டு சின்ன பேட்டரிகளை எடுத்துவிட்டு ஒரே பேட்டரி போட்டாள். நாலு கியர் போய், ஜப்பான் வண்டி ஒன்றின் ஐந்து கியர் வந்தது. சக்கரங்கள் அகலமாயின. ஒவ்வொரு தடவையும் மாமா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். பிறகு, கழற்றிப் போட்டதைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த வெள்ளை அலமாரியில் வைத்துவிடுவார்.

"பிடுங்கின பல்லை எந்த டாக்டராவது எடுத்து வைப்பாரா?" என்று கேட்பாள் அவள்.

"திரும்பக் கேட்டு வருவாங்கடி ஒரு நாள்" என்பார் மாமா.

ஊரில் இந்தக் கம்பெனி வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒரு மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். அப்படியே இருப்பவை முன் வரிசை. மாற்றப்பட்டவை பின் வரிசை. மாமா ஒரு காலத்தில் முன் வரிசை. மகளால் பின்னுக்குப் போனார். அவள் இருந்தவரை அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். "என் பொண்ணு என்னைப் பின்னுக்குத் தள்ளிட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகார் செய்வார்.

அன்று வந்து என் எதிரில் உட்கார்ந்தார். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"மாப்பிள்ளை, வண்டியை அவ பேருக்கு எழுதிக் கொடுத்துட்டேன்ல. அப்ப அது இப்ப உங்களுது."

"உங்க வண்டிதான் மாமா."

"இல்ல. கேக்கணும். பழைய சாமான் எல்லாம் பத்திரமா இருக்கு. எல்லாத்தையும் திருப்பிப் போட்டா, இந்த வருஷம் முன் வரிசையில நிறுத்தலாம். எனக்கும் வயசாவுது. இன்னொரு தடவை அங்க நிக்கணும்னு ஒரு ஆசை." டீயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்க சரின்னா பண்ணலாம்."

"சரி மாமா" என்றேன்.

சங்கத்தின் செயலாளர் வண்டியைப் பார்க்க வந்தார். இந்தக் கம்பெனியின் முத்திரை எட்டுக் கோணம் கொண்டது. அவருடைய டையில், மோதிரத்தில், சாவிக் கொத்தில் எல்லாம் அது இருந்தது. அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் எண்கோணம். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார்.

"டாக்டர், இதுல எது உங்களுது, எது பொண்ணுது?"

"வெளியில தெரியறது என்னுது. உள்ள இருக்கறது அவளுது."

"கியர் பெட்டி?"

"ஜப்பான்."

"ஐயோ" என்றார் எண்கோணம், மாமாவுக்கு வலிக்காத குரலில். பிறகு இருக்கைகளைப் பார்த்தார். "இந்த இடது சீட்டு தாழ்ந்திருக்கே?"

"மாப்பிள்ளை உயரம். மேல துணிக் கூரையைப் போட்டா தலை இடிச்சுது. இறக்கிட்டா."

எண்கோணம் என்னைக் கீழிருந்து மேலே பார்த்தார். பார்த்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. டீ கொண்டுவந்த அத்தை சொன்னார்: "லிஃப்ட்காரி போயும் போயும் ஏணியைக் கட்டிக்கிட்டான்னு அவ ஆபீசே சிரிச்சுது."

எண்கோணம் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த மூடியைத் தூக்கினார். ஒரு பள்ளத்தில் புது பேட்டரி. இன்னொரு பள்ளம் காலியாகியிருக்க வேண்டும். அதில் ஒரு துண்டும் ஒரு குடையும் இருந்தன. என் குடை. அலுவலகத்தில் யாரோ எடுத்துவிட்டதாக நினைத்து ஒருவரிடம் பேச்சையே நிறுத்தியிருந்தேன்.

"இதுவும் ஒரிஜினல் இல்ல" என்று குடையை என்னிடம் கொடுத்தார்.

"உண்டோ எல்லாம் ஒரிஜினல் சார்" என்றார் மாமா அவசரமாக. "நாலும்."

"எது உண்டோ?"

"நட்டு."

"நட்டு உண்டான்னு கேக்கறீங்களா?"

மாமா அவரைச் சக்கரத்துக்கு முன்னால் கூட்டிப்போய் எழுத்தைக் காட்டினார். எண்கோணம் எழுத்தின் மேல் விரலை வைத்து ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, அத்தை தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. "இத்தனை வருஷமா சுத்தியால தட்டிக்கிட்டிருக்கேன். எனக்குத் தோணலையே. எத்தனை வயசுப் பிள்ளை சொன்னது?"

மாமா வயதைச் சொன்னார், யார் என்றும் சொன்னார். எண்கோணம் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்று கேட்டேன். அவள் இருந்தால் கேட்டிருப்பாள். அதனால் கேட்டேன்.

"சார், இந்தக் கம்பெனியே ஆரம்பத்துல இன்னொரு வண்டியை மாத்தினவங்கதானே?"

"ஆமா" என்றார் தயங்காமல். "ஆக்ஸ்ஃபர்டுல ஒரு மோட்டார் கடை. சாதாரணக் குடும்ப வண்டி விக்கிற இடம். அங்க இருந்த மேனேஜருக்குச் சும்மா இருக்க முடியல. அதே வண்டியை எடுத்து, மேல் கூட்டை மாத்தி, ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, ஓட்டமா ஓடுற மாதிரி பண்ணி வித்தார். அந்தக் கடைப் பேரோட ரெண்டு முதலெழுத்துதான் இந்த மூஞ்சில இருக்கு."

"அப்ப மாத்தறதுதானே பரம்பரை?"

மாமா என்னை முறைத்தார். எண்கோணம் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, மாத்தறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. நல்லாவும் மாத்தறாங்க. ஆனா எதுலேருந்து மாத்தினோம்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா காட்டணும்ல. அதுக்கு நாலு பேராவது கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கணும். சும்மா இருக்கறது சாதாரண வேலை இல்ல. அதுக்குத்தான் முன் வரிசை."

அவளுக்குப் பதில் தெரிந்திருக்கலாம். சரி சார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பிப்பதாக முடிவானது. சக்கரம், இருக்கை, பேட்டரி, தீப்பொறிப் பெட்டி எல்லாம் மாமாவும் நானும். கியர் பெட்டிக்கு அடுத்த வாரம் மெக்கானிக்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து மறுமுனையில் இருந்து எடுக்க ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன். நீங்க நெஜமாவே சரின்னு சொன்னீங்களா, இல்ல சும்மா சரின்னு சொன்னீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே அத்தை."

"ஒண்ணு இல்ல." ஒரு சட்டையை உதறினார். "அவர் ஆசைப்படறார். அது தப்பில்ல. ஆனா நாளைக்கு அவ போட்டதெல்லாம் அலமாரிக்குப் போயிடும். அப்புறம் எடுத்துப் போட அவ வர மாட்டா. நீங்களும் அவரும் சேர்ந்தாக்கூட அந்த கியர் பெட்டியைத் திரும்ப மாட்டத் தெரியாது. தெரிஞ்சே சரின்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"நீங்க என்ன சொல்றீங்க அத்தை?"

"எனக்கு அது கார். அவரை வீட்டுல இல்லாம பண்ணுது, அது வரைக்கும் நல்லது." துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் நின்று சொன்னார்: "ஆனா உங்களைத் துணி காயப்போட வெச்சவ அவ. அதையும் மாத்திடாதீங்க."

காலையில் மாமா கிளினிக் அங்கியைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். வெள்ளை அலமாரியின் இழுப்பறைகளைத் திறந்து எல்லாவற்றையும் ஒரு துணிமேல் பரப்பினார். கடைவாய்ப் பல், முன் பல் என்று பிரித்து வைப்பதுபோல் வைத்தார். சந்தோஷமாக இருந்தார். அவர் சந்தோஷமாக இருந்து பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

முதலில் என் இருக்கையைக் கழற்றினோம். அதன் தண்டவாளங்களுக்கு அடியில் மரக்கட்டை இருக்க வேண்டும். தொழிற்சாலையில் போடுகிற நீளமான கட்டைகள். அவற்றை எடுத்துவிட்டு மெல்லிய தகடு வைத்திருந்தாள். அதனால்தான் இருக்கை தாழ்ந்தது.

"அந்தக் கட்டை எங்க?" மாமா இழுப்பறைகளைத் திரும்பத் திறந்தார். "எல்லாம் இருக்கு. அது மட்டும் இல்ல. எங்கிட்ட கொடுக்கவே இல்ல போலிருக்கே அவ."

"வேற செஞ்சுக்கலாம் மாமா."

"வேற செஞ்சா அது வேறதானே."

கொஞ்ச நேரம் தேடினார். பிறகு ஏதோ தோன்றி, அங்கிப் பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். நீளக் காம்பு வைத்த, பொத்தான் அளவுக் கண்ணாடி. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் அதை விட்டு, டார்ச் அடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கிடைச்சிடுச்சு" என்றார். "இங்க இருக்கு. இங்க இருக்கற கட்டை மேலயே உங்களுதையும் அடுக்கி வெச்சிருக்கா. ஒரு பல்லு மேல இன்னொரு பல்லு முளைச்ச மாதிரி."

அவள் குள்ளம். என் நெஞ்சு உயரம்தான் வருவாள். தெருவில் நடக்கும்போது நான் குனிவேன், அவள் நிமிர்வாள், இருவருக்கும் கழுத்து வலிக்கும். அவள் வண்டி ஓட்டி நான் பக்கத்தில் உட்காரும்போது மட்டும் வலித்ததில்லை. ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. பக்கத்தில் திரும்பினால் அவள் கண் என் கண்ணுக்கு நேரே இருக்கும். வண்டி அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"நல்லதாப் போச்சு" என்றார் மாமா. "ரெண்டு சீட்டும் பழைய மட்டத்துக்கு வந்துடும். அதை அப்புறம் எடுத்துக்கலாம். முதல்ல சக்கரம். ஏறி உட்காருங்க."

"சரி மாமா."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். பிரேக் மிதிக்க எத்தனையோ தடவை உட்கார்ந்த இடம்தான். முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. வண்டியின் முன் கண்ணாடிக்கு மேலே தலை நின்றது. இத்தனை நாள் அதையும் வண்டி அப்படித்தான் என்று நினைத்திருக்கிறேன். இடது பக்கம் இருக்கை இல்லை. வெறும் தரை. நாலு ஓட்டை.

மாமா வலது முன் சக்கரத்துக்கு வந்தார். அம்புக்குறியைப் பார்த்தார். சுத்தியை ஓங்கினார்.

"உண்டோ?"

காலைப் பிரேக்கில் வைத்திருந்தேன். அழுத்தித்தான் வைத்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

மாமா காத்திருந்தார். அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்த விதி தெரியும். பதில் வராமல் சுத்தி இறங்காது.

"உண்டோ?"

அவள் குரல் இல்லை. வார்த்தை அவளுடையது. சரி என்பதை நான் யாரிடமும், எதற்கும் சொல்லிவிட முடிந்தது. இந்தப் பதிலை அப்படிச் சொல்ல முடியவில்லை. உண்டு என்றால் கழற்றலாம் என்று அர்த்தம்.

செம்புத் தலை கனமானது.

"மாப்பிள்ளை, தூங்கிட்டீங்களா?"

"வேண்டாம் மாமா" என்றேன்.

சுத்தியைக் கீழே இறக்கினார். "என்ன வேண்டாம்?"

"கழட்ட வேண்டாம். எதையும்."

"சரின்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"எத்தனை தடவை கேட்டேன் உங்களை?"

"எல்லாத் தடவையும் சும்மா சொல்லிட்டேன் மாமா. இப்பதான் நெஜமா சொல்றேன்." இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "இந்த வண்டியில மட்டும்தான் நானும் அவளும் ஒரே உயரம். அதுக்குத்தான் அந்தக் கட்டை."

மாமா என்னைப் பார்த்தார். காலி இடத்தைப் பார்த்தார். அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வீட்டுக்குள் போனார்.

துணிமேல் பரப்பியதை நான்தான் மறுபடி சுற்றி அலமாரியில் வைத்தேன். எது எந்த இழுப்பறை என்று தெரியவில்லை. உத்தேசமாக வைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டின்போது மாமா தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை. அத்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேருக்கும் பல்லு வலியா?"

"உன் மாப்பிள்ளைக்கு இன்னைக்குத்தான் வாய் முளைச்சிருக்கு" என்றார் மாமா.

"முளைக்கட்டும். உங்களுக்கு இருந்ததெல்லாம் விழுந்தாச்சு, வீட்டுக்கு ஒண்ணாவது வேணும்ல."

மாமா எழுந்து கை கழுவப் போனார். நான் செய்தது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை அங்கே நிற்க வேண்டும் என்று அவர் கேட்ட குரல் நினைவில் இருந்தது. ஆனாலும் எனக்குச் சோறு இறங்கியது. ருசி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றார் அத்தை. போதும் அத்தை என்றேன். கரண்டியை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.

சாயங்காலம் ஷெட்டில் சத்தம் கேட்டுக் கீழே இறங்கினேன். மாமா வண்டிக்குள் பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாகக் குப்புறப் படுத்திருந்தார். என் இருக்கையைத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தார். வாயில் ஒரு ஸ்குரூ.

"தகட்டைத்தானே வெச்சீங்க மாமா?"

ஸ்குரூவை எடுத்துவிட்டுச் சொன்னார்: "பின்ன? அவ வேலையை அவ மாதிரி முடிக்கணும்ல." கையை நீட்டினார். "தூக்கி விடுங்க."

தூக்கி விட்டேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"முன் வரிசையில வெயில் ஜாஸ்தி" என்றார். "பின்னாடிதான் மரம் இருக்கு."

மைதானத்துக்குப் போகிற அன்று மாமா சாவியை என்னிடம் கொடுத்தார். முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியாது என்றார். முந்தின நாள் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறியவர். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அத்தை வாசலில் நின்று, "வண்டிக்கும் சோக்கு, அவருக்கும் சோக்கு" என்று சொல்லி, மாமாவின் தொப்பியைச் சரிசெய்து அனுப்பினார்.

கட்டைகளை மாற்றி வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அதனால், நான் அவளுடைய உயரத்தின் மேல் என் உயரத்தையும் வைத்து உட்கார்ந்திருந்தேன். காற்று கண்ணாடியைத் தாண்டி நேரே என் நெற்றியில் அடித்தது. மாமா என்னுடைய பள்ளத்தில் மூழ்கிப்போயிருந்தார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் என்னைப் பார்த்து வழி கேட்டார். பள்ளத்திலிருந்து பதில் வந்தது. அவர் பயந்துவிட்டார்.

ஐந்தாவது கியரை முதல் முறையாக நானே போட்டேன். சத்தம் தாழ்ந்து, வண்டி பாட்டுக்கு ஓடியது.

"இது நல்லாத்தான் இருக்கு" என்றது பள்ளம்.

"ஜப்பான் மாமா."

"தெரியும்."

மைதானத்தில் எண்கோணம் பலகையோடு நின்றார். வண்டியைப் பார்த்ததும் முன் வரிசையில் விட்டு வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டாக்டர் வரலையா?"

"இங்கதான் இருக்கேன்" என்று தொப்பியைத் தூக்கிக் காட்டினார் மாமா. "மரத்தடி காலியா?"

எண்கோணம் பலகையால் பின் பக்கம் காட்டினார்.

பின் வரிசையில்தான் கூட்டம் இருந்தது. ஒருவர் வண்டியில் லாரியின் ஹாரன். இன்னொருவர் இருக்கைக்குப் பழைய சினிமாக் கொட்டகையின் நாற்காலியை வெட்டிப் போட்டிருந்தார். மாமா பல் கண்ணாடியை எடுத்துக்கொண்டு எல்லோருடைய வண்டிக்கும் அடியில் போய்ப் பார்த்தார். திட்டிக்கொண்டே பார்த்தார். நம்ம வண்டிக்கு யார் வேலை என்று அவரிடம் கேட்டவர்களுக்கெல்லாம், "என் பொண்ணு" என்றார். இருந்தாள் என்றோ இருக்கிறாள் என்றோ சொல்லவில்லை. தமிழில் அந்த வசதி இருக்கிறது.

வெயில் தாழ்ந்ததும் எண்கோணம் எங்களிடம் வந்தார். டையைத் தளர்த்தியிருந்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார். குனிய வேண்டிய அவசியமே இல்லை.

"தம்பி, அந்த எலக்ட்ரானிக் பெட்டி. அதை யாருக்கும் தெரியாம வைக்க முடியுமா? மூடி அப்படியே பழசு மாதிரி தெரியுமா?"

"தெரியும் சார். மூடி பழசுதான். உள்ளதான் மாத்தினா."

"ஓ" என்றார். "சும்மா கேட்டேன்." போய்விட்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி எங்கள் சக்கரத்தைப் பார்த்தார். அவர் உதடு ஒருமுறை அசைந்தது.

கிளம்பும் முன் மாமா டிக்கியிலிருந்து சுத்தியை எடுத்தார். கம்பிச் சக்கரத்து நட்டுகளைப் பயணத்துக்கு முன்னால் ஒருமுறை தட்டி இறுக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். நான் ஏறி உட்கார்ந்து காலைப் பிரேக்கில் வைத்தேன். முட்டி இடித்தது. இடிக்கட்டும்.

மாமா வலது முன் சக்கரத்துக்கு வந்து நின்றார். ஓங்கினார். தயங்கினார்.

"உண்டோ?" என்றார், சின்னக் குரலில்.

பக்கத்து இருக்கையின் முதுகு என் தோளுக்குக் கீழே இருந்தது. அதன்மேல் மாமாவின் தொப்பி.

"உண்டு" என்றேன்.

அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கமாகச் சுத்தி இறங்கியது.